தோளில் சிவப்பு இல்லாத கிளி

என் அக்கா வீட்டுக்காரரான மாமாவுக்கு எங்கள் குடும்பத்தில் உம்மணாமூஞ்சி என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். காலமெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துத் தொங்கியவருக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? ஒரு கைக்குட்டைகூட வாங்கித் தந்ததில்லை என்று அக்கா புலம்பாத நாள் இல்லை. ஒருநாள் மொட்டைமாடி மோட்டார் அறையில் விழுந்து கிடந்த கிளிக்குஞ்சு ஒன்றைக் கருவிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் முன்னால் வைத்தார். அன்றோடு புலம்பல் நின்றது.

வயதான பிறகு அக்காவுக்கு மறதி நோய் வந்தது. முதலில் என்னை மறந்தாள், பிறகு மாமாவை. கிளியை மட்டும் மறக்கவில்லை. அதற்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்றுதான் சாப்பாடு உள்ளே போனது. அந்தக் கிளி செத்துப்போயிற்று. அதிலிருந்து ஊட்டினால் துப்பினாள். இப்படியே போனால் உடம்பு தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மாமாவும் நானும் பறவைக் கடைக்கு ஓடினோம். செத்த கிளியின் அடையாளத்தைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் கையை விரித்தார்.

"உங்களுது பெரிய கிளி. தோள்ல சிவப்புத் திட்டு இருக்கும், மூக்கு தடியா இருக்கும், குரலும் கட்டை. அது இப்ப வர்றதில்ல. இது அதோட சின்ன ஜாதி. பச்சை, கழுத்து வளையம் எல்லாம் அதே மாதிரிதான். தோள் மட்டும் வெறும் பச்சை."

"அக்கா கண்டுபிடிச்சிடும் மாமா," என்றேன்.

"என்னையே தெரியல. கிளியோட தோளா தெரியப்போகுது?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் பணத்தை எண்ணிக் கொடுத்து அந்தச் சின்னக் கிளியைக் கூண்டோடு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் கூண்டை அக்காவின் முன்னால் வைத்தார். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது எங்க கிளி இல்ல. தோள்ல சிவப்பு எங்க? மூக்கும் சின்னது."

அவள் இவ்வளவு தெளிவாகப் பேசி மாதக்கணக்காகிறது. மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா, அது போயிடுச்சு. இது வேற. நான்தான் வாங்கிட்டு வந்தேன்," என்று அவள் கையைப் பிடித்தார்.

அக்கா கையை உருவிக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போங்க. இதை எங்க வீட்டுக்காரர் தலையில கட்டிடலாம்னு பாக்காதீங்க. அவர் வாய் பேசாத மனுஷர். எல்லாரும் சுலபமா ஏமாத்திடறாங்க."



"சரிங்கம்மா," என்று மாமா கூண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

தட்டை எடுத்து நான் ஒரு வாய் நீட்டினேன். அக்கா தலையை ஆட்டினாள்.

"அவர் வரட்டும். வேலை முடிஞ்சு வந்ததும் சேந்து சாப்பிடறோம்."

கதவு திறந்துதான் இருந்தது. மாமா படிக்கட்டில் கூண்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.