பதினேழுக்கு ஒன்று

முப்பது வருடம் நான் பார்த்த உத்தியோகம், வேலையிடத்தில் காயப்பட்டவர்களின் விண்ணப்பங்களைப் படித்துவிட்டு, "காயம் ஏற்பட்டவுடன் ஏன் அறிவிக்கவில்லை?" என்று கேட்டுக் கடிதம் எழுதுவது. அப்படிப்பட்ட என்னிடம்தான், மைதானத்துக்குப் போகும் வழியில் காரில் வைத்து மகள் சொன்னாள்.

"அப்பா, புதன்கிழமையில இருந்து வலக்கையில ரெண்டு விரல் விறைச்சுப்போய்க் கிடக்கு. ஒருத்தருக்கும் தெரியாது, ஓகே?"

அவள் பல் வைத்தியர். கெல்லிவில்லில் உள்ள அவளுடைய கிளினிக்கில் அந்த இரண்டு விரல்கள் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது.

"டொக்டரிட்டப் போனனியோ?"

"திங்கட்கிழமை போறன். இண்டைக்கு அந்த அன்ரி வாறா எல்லே."

அந்த அன்ரி, மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாய். கோயிலில் வைத்துப் பெண் பார்த்தால் எல்லாரும் நடிப்பார்கள் என்று சொல்லி, மகள் விளையாடும் பேஸ்போல் மைதானத்தை அவரே தேர்ந்தெடுத்திருந்தார். பெண்ணின் கையில் ஏதோ நோய் வருத்தம் என்று வெளியே தெரிந்தால் இந்தப் பேச்சு முறியும். இதற்குப் பிறகு வரும் பேச்சுகளும் முறியும். எங்கள் ஆட்களின் நடைமுறைகளும் எனக்கு அத்துப்படி. காரைத் தொடர்ந்து ஓட்டினேன்.

அன்று எங்கள் அணிக்கு முதலில் பந்தெறிய வேண்டியவள் மகள். நான் அணியின் ஸ்கோரர். ஆடுபவர்களின் பட்டியலை அம்பயரிடம் கொடுக்கும்வரை யாரையும் மாற்றலாம். கொடுத்த பிறகு, காயம் என்று அம்பயர் ஒப்புக்கொண்டாலொழிய, முதலில் எறிபவர் ஒருவருக்காவது எறிந்து முடித்தாக வேண்டும். பட்டியல் என் கண் முன்னால் கைமாறியது. மேற்கே மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அன்ரி ஓய்வுபெற்ற தாதி. மடக்குக் கதிரையை எனக்குப் பக்கத்தில் விரித்து அமர்ந்தார்.

மகளின் முதல் பந்து, பிடிப்பவளின் தலைக்கு மேலால் போய்க் கம்பி வேலியில் மோதியது. அடுத்ததும் அப்படியே. நாலு பந்து பிழையாகப் போனால் அடிக்க நிற்பவர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம் என்று அன்ரிக்கு விளக்கினேன்.

மூன்று பேர் நடந்தபின் அவர் சொன்னார்: "எல்லாரையும் நோகாமல் அனுப்பிவைக்கிறா. தங்கமான குணம்."

நான்காவது பெண்ணின் தலைக்கவசத்தில் பந்து பட்டது. விழுந்தவள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு நடந்தாள். மகள் அவளைப் பார்க்கவில்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பயிற்சியாளர் போய் ஏதோ கேட்டார், அவள் இல்லையென்று தலையாட்டினாள். திரும்பும் வழியில் அவர் என்னிடம் நின்றார். "அவளுக்கு ஏதாவது செய்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அன்ரியும் என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லை, கை சூடேற நேரமெடுக்கும்" என்றேன்.

ஒருத்தி வரிசை மாறி அடிக்க வந்தால் ஸ்கோரர் அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அது அந்த ஒரு விஷயத்துக்கு மட்டுமே என்பதும் எனக்குத் தெரியும். அன்று அதை இழுத்து மகளின் கைக்கும் போர்த்திவிட்டு, அவள் எறிந்த ஒவ்வொரு பந்தையும் பிழையில்லாமல் புத்தகத்தில் குறித்தேன்.

மூன்றாவது இன்னிங்ஸில் அவளை மாற்றியபோது பதினான்கு ரன் போயிருந்தது. ஐந்தாவதில், பதினேழுக்கு ஒன்று என்ற நிலையில், வித்தியாசம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அம்பயர் ஆட்டத்தை முடித்துவைத்தார். எங்களுடைய ஒரு ரன்னும் எதிரணியின் கைத்தவறால் கிடைத்தது.

மகள் வந்து புல்லில் அமர்ந்தாள். அன்ரி ஃபிளாஸ்கிலிருந்து சில்வர் பேணியில் தேத்தண்ணி ஊற்றி, கைலேஞ்சியால் விளிம்பைப் பிடித்து நீட்டினார். மகள் வலக்கையால் பேணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"சுட்டுப்போடும் பிள்ளை, விளிம்பில பிடியுங்கோ."

"இல்ல அன்ரி, சுடேல்லை."

அன்ரி பேணியை மெல்ல வாங்கிக் கீழே வைத்தார். மகளின் உள்ளங்கை சிவந்திருந்தது. ஒவ்வொரு விரலிலும் நகத்தால் அழுத்தினார். "தெரியுதோ? இது? இது?"

மகள் ஒவ்வொன்றுக்கும் இல்லையென்று தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "காலமை ரெண்டு விரல்தானே அப்பா."

"உங்களுக்குக் காலமையே தெரியுமோ?" அன்ரி என்னைத்தான் கேட்டார். நான் ஸ்கோர் புத்தகத்தை மூடினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"எங்க பிள்ளை, ஒருக்கால் சிரியுங்கோ. ரெண்டு கையையும் தூக்குங்கோ."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் நெடுநேரம் பார்த்தார். மருமகளைப் பார்க்கும் பார்வை அல்ல அது; நோயாளியைப் பார்க்கும் தாதியின் பார்வை. வலக்கை பாதி உயரத்தில் நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரி பத்து நிமிசம். கார்த் திறப்பைத் தாங்கோ, நான் காரை ஓடுறன். நீங்கள் பின்னுக்கு அவவோட இருங்கோ."

பரமட்டாப் பக்கம் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அன்ரி பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அடிக்கடி மகளின் முகத்தைப் பார்த்தார். மகள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"அப்பா, என்ர கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

கார் புறப்பட்டதிலிருந்து நான் அந்த வலக்கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.