இரண்டு மச்சான்மாரும் ஒரு அமெரிக்காவும்

என் அண்ணா மிச்சிகனில் கார் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறார். என் கணவர் ரொறன்ரோவில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளர்களைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலை செய்கிறார். அங்கே தொழிற்சங்கத்திலும் பொறுப்பில் இருக்கிறார். எங்களுக்குக் கலியாணமான புதிதில் மூவரும் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் ஒரே அபார்ட்மென்டில்தான் இருந்தோம். அண்ணா ஹோலில் படுப்பார். காலையில் யார் முதலில் குளிப்பது என்பதைத் தவிர அந்த நாளில் மச்சான்மாருக்குள் வேறு சண்டை இல்லை.

பிறகு அண்ணா கலியாணம் செய்து அமெரிக்கா போனார், அந்த நாட்டுக் குடிமகனானார், கன்சர்வேட்டிவ் ஆனார். இவர் கனடாவில் இருந்துகொண்டே அமெரிக்க லிபரல்களுக்காகக் கவலைப்படத் தொடங்கினார். வோட்டே இல்லாத நாட்டைப் பற்றி ஒரு மனிதர் இவ்வளவு கவலைப்படலாம் என்று நான் கண்டது இவரிடம்தான்.

ஒரு கோடை விடுமுறையில் அண்ணா குடும்பத்தோடு எங்கள் மோர்னிங்சைட் வீட்டுக்கு வந்திருந்தார். புட்டும் ஆட்டுக்கறியும் மேசையில் இருந்தன. கதை அமெரிக்கத் தேர்தலுக்குப் போனது.

"எல்லாத்தையும் அரசாங்கமே செய்யவேணும் எண்டால் மனுசர் என்னத்துக்கு?" என்றார் அண்ணா.

"வருத்தம் வந்தாலும் காசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போக யோசிக்கிற நாட்டில இருந்துகொண்டு கதைக்கிறியள் மச்சான்," என்றார் இவர்.

அதோடு விட்டிருக்கலாம். பேச்சில் துப்பாக்கிச் சட்டம் வந்தது, எல்லைச் சுவர் வந்தது. கடைசியில் இவர், "நாங்கள் அகதியா வந்து இறங்கினாக்கள். நீங்கள் இப்ப கதவைச் சாத்தச் சொல்லுறியள்," என்றார்.

அண்ணா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். "நான் கதவைச் சாத்தச் சொல்லேல்லை. முறையா வரச் சொல்லுறன்," என்றார். அடுத்த நாள் காலையில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக அண்ணா எனக்கு மட்டுந்தான் போன் எடுப்பார். "அவர் நிக்கிறாரோ?" என்று முதலில் கேட்பார். நிற்கிறார் என்றால், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிடுவார்.

மில்லிக்கன் பகுதியில் கடைகள் நிறைந்த ஒரு பிளாசாவின் மேல்மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் ஆட்கள் கூடிக் கதைப்பார்கள். அதை நடத்துவது நான். நீரிழிவு, உயில் எழுதுவது, பிள்ளைகளின் தமிழ் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு விஷயம். ஒருமுறை மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் அன்ரி எழும்பிச் சொன்னார்: "மகள், டீவியப் போட்டா அமெரிக்காவில லிபரல், கன்சர்வேட்டிவ் எண்டு ஒரே சண்டை. என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறாங்க எண்டு எங்களுக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்களன்."

அறிவித்தல் எழுத உட்கார்ந்தபோதே சிக்கல் தொடங்கியது. தாராளவாதம் என்று எழுதினால் கை திறந்து கொடுப்பவர்கள் மாதிரி இருந்தது. பழமைவாதம் என்று எழுதினால் ஒட்டடை பிடித்தவர்கள் மாதிரி இருந்தது. கூட்டம் தொடங்குமுன்பே ஒரு பக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்ட மாதிரி. கனடாவில் அதே சொற்கள் கட்சிகளின் பெயராகவும் இருப்பதால் இன்னொரு குழப்பம். கடைசியில் ஆங்கிலச் சொற்களையே தமிழ் எழுத்தில் எழுதினேன். யாரைப் பேசக் கூப்பிடுவது என்று யோசித்தபோது, வெளியே தேடத் தேவையில்லை என்று பட்டது. என் குடும்பத்திலேயே இரண்டு பேர் இருந்தார்கள்.

அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"உன்ர மனுசனோட மேடையில ஏறி அடிபடச் சொல்லுறியோ?"

"அடிபட இல்லை அண்ணா. நீங்கள் லிபரல் பக்கத்தைச் சொல்லவேணும். அவர் கன்சர்வேட்டிவ் பக்கத்தைச் சொல்லுவார். சொன்னது சரியெண்டு மற்றவர் ஒத்துக்கொள்ளுமட்டும் ஒருத்தரும் இறங்கேலாது."

"அவர் என்னைப் பற்றி என்ன சொல்லுவார் எண்டு கேக்க எனக்கும் ஆசைதான்," என்றார்.

கூட்டம் நடந்த அன்றைக்குப் பனி கொட்டியது. ஆட்கள் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் வந்தவர்களுக்குக் கதிரை போதாமல் சிலர் சுவரோடு நின்றார்கள். அண்ணா மிச்சிகனிலிருந்து நேரே மண்டபத்துக்கு வந்தார். இவரைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவுதான்.

முதலில் இவர் பேசினார். "அரசாங்கம் சின்னதா இருக்கவேணும் எண்டு கன்சர்வேட்டிவ் ஆக்கள் நினைக்கினம். குடும்பமும் கோயிலும் அயலும் செய்யக்கூடியதை அரசாங்கம் பறிக்கக் கூடாது. உழைச்சது உழைச்சவனுக்கு. எல்லாத்தையும் தலைநகரம் முடிவெடுக்காமல் ஒவ்வொரு மாநிலமும் தன்ர விஷயத்தைத் தானே பாக்கவேணும். அரசியல் சட்டத்தை எழுதினபடி வாசிக்கவேணும். பிறக்காத பிள்ளையும் உயிர்தான். தன்ர வீட்டைத் தானே காக்கிறது உரிமை. கனகாலமாத் தாக்குப்பிடிச்ச வழக்கத்தை அவசரத்தில உடைக்கப்படாது." இதை அவர் இரண்டு வாரமாகக் குளியலறையில் சொல்லிப் பார்த்தது எனக்குத் தெரியும்.

நான் அண்ணாவைப் பார்த்தேன். அண்ணா தலையை ஆட்டவில்லை.

"சொன்னதெல்லாம் சரி மச்சான். ஆனா ஏன் எண்டதைச் சொல்லேல்லை. உந்த ஆக்களுக்கு இரக்கமில்லை எண்டு நீங்கள் நினைக்கிறது குரலில தெரியுது."

இவர் கையிலிருந்த தாளை மடித்து வைத்தார். பிறகு ஆட்களைப் பார்க்காமல் அண்ணாவைப் பார்த்தே சொன்னார்: "ஊரில இவர் பள்ளிக்கூடம் போன ரோட்டில துப்பாக்கியோட ஆமி நிண்டது. அரசாங்கத்தின்ர கை நீண்டால் என்ன நடக்கும் எண்டு கண்ணால கண்டவர். நல்ல அரசாங்கமோ கூடாத அரசாங்கமோ, அந்தக் கையை ஒரு அளவில கட்டி வைக்கவேணும் எண்டு நினைக்கிறார். அது இரக்கமில்லாத நினைப்பு இல்லை. பட்டவன்ர நினைப்பு."

அண்ணா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம். உதுதான்," என்றார்.

பிறகு அண்ணா எழும்பினார். "எல்லாரும் ஒரே இடத்தில இருந்து ஓடத் தொடங்கிறேல்லை எண்டு லிபரல் ஆக்கள் சொல்லுகினம். நிறம், ஏழ்மை, நோய் வருத்தம், பெண்ணாப் பிறந்தது, எல்லாம் ஒருத்தரைப் பின்னுக்கு இழுக்கும். தனியாச் செய்ய ஏலாததை எல்லாரும் சேர்ந்து செய்யத்தான் அரசாங்கம். தன்ர உடம்பைப் பற்றிப் பொம்பிளைதான் முடிவெடுக்கவேணும். துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேணும். பழசு எண்டதுக்காக ஒரு வழக்கம் சரியாகாது. எங்கட வழக்கத்தால எத்தினை பேரைக் கிணத்தில தண்ணி அள்ள விடேல்லை? காலத்தோட சட்டமும் வளரவேணும்."

அந்தக் கிணற்றுக் கதையை அண்ணாவின் வாயிலிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. முன்வரிசையில் சிலர் நெளிந்தார்கள். அண்ணா நிறுத்தவில்லை.

"இவர் கனடாவுக்கு வந்த முதல் குளிருக்கு நெஞ்சில சளி கட்டி மூச்செடுக்க ஏலாமல் கிடந்தவர். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனான். எங்களுக்கு இங்கிலிஷ் தெரியாது, வேற ஒரு சொந்தமும் இல்லை. ஒருத்தரும் எங்களை நீங்கள் ஆர் எண்டு கேக்கேல்லை. முதலில கட்டிலைத்தான் கொண்டு வந்தினம். அரசாங்கம் எண்டால் எனக்கு ஆமிக்காரன் ஞாபகம் வாறான். இவருக்கு அந்தக் கட்டில் ஞாபகம் வருது. இண்டைக்கு அதே மாதிரிக் கட்டிலை இவர் தள்ளுறார்."

இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயால சொல்லவேணும். அதுதான் சட்டம்," என்றேன் நான். சனம் சிரித்தது.

"ஓம் மச்சான்," என்றார் இவர்.

கேள்வி நேரத்தில் அந்த மட்டக்களப்பு அன்ரிதான் முதலில் கை உயர்த்தினார். "கலியாணம், கோயில், பிள்ளை வளர்ப்பு எல்லாத்திலயும் நான் கன்சர்வேட்டிவ். மருந்துக்கும் பென்சனுக்கும் லிபரல். அப்ப நான் யாரு?"

"ரெண்டு பக்கமும் வோட்டுக்குத் தேடித் திரியிற ஆள் நீங்கள்தான் அன்ரி," என்றார் அண்ணா.

நானும் சிரித்தாலும், அந்தக் கேள்வி மண்டபத்தில் இருந்த எல்லோருடையதும் என்று எனக்குத் தெரிந்தது. அடையாளத்தை விடமாட்டோம் என்று பிடித்துவைத்திருப்பவர்களும் நாங்கள்தான். எங்களையும் மாறச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று இந்த நாட்டிடம் கேட்டவர்களும் நாங்கள்தான்.

அன்று யாரும் மனம் மாறவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே காருக்குள் வரியைப் பற்றி இரண்டு பேரும் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அண்ணா அடுத்த நாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. பனி என்று சாட்டுச் சொன்னார். இவரும் ரோட்டு சரியில்லை என்று ஒத்து ஊதினார்.

பிறகு அமெரிக்காவில் தேர்தல் வந்தது. எந்தப் பக்கம் வென்றது என்று எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் அது முக்கியமில்லை. முடிவு தெரிந்த காலையில் இரண்டு பேரில் ஒருவருக்குச் சந்தோஷம், மற்றவருக்கு முகமே சரியில்லை. சந்தோஷப்பட்டவர்தான் போன் எடுத்தார். வெற்றியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களோ மச்சான்?" என்றுதான் கேட்டார். மற்றவர் இன்னும் இல்லை என்றார். எடுத்தவர் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார்.

இரண்டு நாடுகளிலும் படித்தவர்கள், பெரிய பதவிக்காரர்கள், ரீவியில் கத்துகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கைகூடாத ஒன்றை ஒரு கராஜ்காரரும் கட்டில் தள்ளுகிறவரும் பனிக் காலத்தில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் செய்து காட்டினார்கள். ஒருவர் என் அண்ணா, மற்றவர் என் கணவர். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால், உயரட்டும்.