முப்பது வரை

என் மனைவி ருக்மணி அன்று காலை மூன்று முறை தாடையைத் தடவினாள். பல்வலி என்றேன். நான்காவது முறை வியர்த்துச் சரிந்தாள். சூலூரிலிருந்து கோவை மருத்துவமனைக்கு நாற்பத்தோரு நிமிடம். மாரடைப்பு. ஸ்டென்ட் (ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பிவலை) வைத்தார்கள்.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே மெர்சி என்ற நர்ஸ், தாராபுரத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பதாம் நாள். நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் ஊசி குத்தினாள்.

"இது எத்தனையாவது?" என்றேன்.

"நாலுங்கய்யா. நீங்க எண்ணறதப் பாத்தாத்தான் கை நடுங்குதுங்க."

ருக்மணி சிரித்தாள். "அவர அந்தப் பக்கம் திரும்பி உக்காரச் சொல்லு கண்ணு. எங்க கல்யாணப் பந்தியிலயே எல எண்ணுன மனுசன்."

பிற்பகல் இரண்டேகாலுக்கு அவள் கண்கள் மேலே செருகின. மானிட்டரில் கோடு தாறுமாறாகத் துடித்தது (இதயம் ரத்தத்தை இறைக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை).

மெர்சி கதவுப் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?"

அடுத்த அறையிலிருந்து மூத்த நர்ஸ், "வாரேன் கண்ணு" என்றார். வரவில்லை. அப்படிக் கூப்பிட்டால் யார் ஓடி வருவார்கள்? எங்கள் கோவைப் பக்கத்தில் வீடு தீப்பிடித்தாலும் மரியாதையாகத்தான் அழைப்போம். பதினொரு நொடி போயிற்று.

பிறகு மெர்சி கட்டிலில் ஏறி மண்டியிட்டாள். ருக்மணியின் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, தன் முழு எடையையும் இறக்கி, சத்தமாக எண்ணினாள். ஏழில் ஒரு சத்தம், காய்ந்த பருத்திமார்க் குச்சி ஒடிவது போல. ஒன்பதில் இன்னொன்று. வாயோரம் ரத்தம் வழிந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் என்னோடு வாழ்ந்த உடம்பு மூட்டையைப் போலக் குதித்தது.

நான் மெர்சியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். "எலும்ப ஒடிக்கிறியே, கொன்னுபோட்டியே" என்று கத்தினேன். அழுத்தம் நின்றது.

அவள் முழங்கையால் என் நெஞ்சில் ஓங்கி இடித்தாள். சுவரில் மோதி விழுந்தேன்.

"இன்னொருக்கா தொட்டே, அந்தம்மா செத்துரும்" என்றாள். அதே மூச்சில் கதவைப் பார்த்து, "அக்கா, ஹார்ட் நின்னுபோச்சு. ஓடியா" என்று அலறினாள்.

மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். மூத்த நர்ஸ் மின்னதிர்ச்சிக் கருவியோடு ஓடிவந்தார். முப்பது அழுத்தம், முகத்தில் வைத்து அமுக்கும் காற்றுப் பையால் இரண்டு மூச்சு, மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணிக்கை. இரண்டு முறை மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டாவதில் நாடி வந்தது.

மாலையில் டாக்டர் சொன்னார்: "மூணு விலா எலும்பு ஒடிஞ்சிருக்குங்க. அது சேந்துரும். நீங்க கையப் பிடிச்சு நிறுத்துன நேரந்தான் திரும்ப வராது."

எத்தனை நொடி என்று அவரும் சொல்லவில்லை. அதை மட்டும் நான் எண்ணியிருக்கவில்லை.

வெளியே மெர்சி நின்றிருந்தாள். "நெஞ்சு வலிக்குதுங்களாய்யா?"

"நல்லாத்தான் இடிச்சே அம்மணி."

இதே நிலையில் நிற்கப்போகிறவர்களுக்கு ஒன்று: எலும்பு ஒடியும் சத்தம் கேட்டாலும் அழுத்துகிறவரைத் தடுக்காமல், கையைக் கட்டிக்கொண்டு விலகி நில்லுங்கள்.

இப்போது வீட்டில் ருக்மணி தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இருமுகிறாள். என் நெஞ்சிலிருந்த கன்றல் பதினாறு நாளில் மறைந்துவிட்டது. விரல் மட்டும் அந்த இடத்தைத் தேடிப் போகிறது. மதியம் அவள் தூங்கும்போது மூச்சை எண்ணுகிறேன். முப்பது வந்ததும் மனம் தானாக ஒன்றுக்குத் திரும்பிவிடுகிறது. முப்பத்தொன்றை நான் பார்த்து நாளாயிற்று.