வலது காதுக்கு வாங்கிய மிஷின்

ஐப்பசி இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்கால். என் மனைவி எழுந்து உட்கார்ந்து, வலது காதில் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கிறது, உள்ளே இரைகிறது என்றாள். முந்தின நாள் மழையில் நனைந்திருந்தாள். நீர் கோத்திருக்கும் என்று சொல்லி, நேரத்தோடு டைரியில் எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வரை பூண்டு எண்ணெய் விட்டோம். காது டாக்டரிடம் போவோமா என்று கேட்டாள். அறுபத்திரண்டு வயதில் காது மந்தமாவது இயற்கை, நானே படித்திருக்கிறேன் என்றேன். வயதால் மந்தமாவது இரண்டு காதும் சேர்ந்து, மெதுவாக நடக்கும் என்பதையும் படித்திருந்தேன். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை ரெட்டியார்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி, திண்டுக்கல்லில் பிரஷர் மிஷின், சக்கர நாற்காலி விற்கும் ஒரு கடைக்குக் காது கேட்கும் மிஷின் வாங்கப் போனோம்.

"டாக்டர் சீட்டு வேணுமா?" என்று கேட்டேன்.

"சீட்டெல்லாம் எதுக்கு சார்? அளவு பாத்து மாட்டுனா முடிஞ்சுது."

மிஷினை அவள் வலது காதில் மாட்டி, கடைக்காரர் பின்னால் போய் நின்று தாழ்ந்த குரலில் கேட்டார். "அக்கா, வீட்ல இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

"கத்திரிக்கா" என்றாள்.

"பாத்தீங்களா? சார், இனிமே முணுமுணுக்காதீங்க. எல்லாம் விழுந்துரும்."

மூவரும் சிரித்தோம். இடது காதைப் பொத்திக்கொண்டு கேட்கச் சொல்ல எனக்கும் கடைக்காரருக்கும் தோன்றவில்லை.

தலைசுற்றி அவள் குழாயடியில் விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். அது இருபத்தெட்டாம் நாள், திங்கட்கிழமை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, நல்ல காதில் இரைச்சலை ஓடவிட்டு வலது காதைச் சோதித்தார்கள். எந்தச் சத்தத்துக்கும் அவள் விரல் உயரவில்லை.

எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். கிழமை, மணி எல்லாம் சொன்னேன்.

"இவ்வளவு சரியாச் சொல்ற ஆள நான் பாத்ததில்ல. திடீர்னு ஒரு காது அடைச்சா அன்னைக்கே வரணும் சார். ரெண்டு வாரத்துக்குள்ளன்னாக்கூட மருந்துக்குக் கேட்டிருக்கும். இப்ப குடுத்துப் பாக்குறேன். நம்பிக்கை சொல்ல மாட்டேன்."

அந்த மருந்துக்கும் கேட்கவில்லை.

டாக்டரிடம் கடைசியாகக் காட்டிவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் அவளுக்கு வலப்புறம் உட்கார்ந்து ஏதோ சொன்னேன். அவள் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து இடப்புறம் போய் உட்கார்ந்தேன்.

"கடையில கேக்குதுன்னு சொன்னியே?"

"கேட்டுச்சுதான். இந்தக் காதுல." இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் திரும்புனேன். உங்க மொகத்துல அம்புட்டு நிம்மதி. சரி, போட்டுப் பழகுனா வந்துரும்னு இருந்துட்டேன்."

கடைக்குப் போனது ஐந்தாம் நாள். டாக்டர் சொன்ன இரண்டு வாரத்தில் அப்போது இன்னும் ஒன்பது நாள் இருந்தது.