மியூசிக் போட்ட விசாரணை

அரூரிலிருந்து பொம்மிடி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த ஆளுக்கு அறுபது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. நெற்றியில் தீர்த்தமலைத் திருநீறு வேறு. நேரலையில் வந்த கோர்ட் விசாரணையை யாரோ வெட்டி, மியூசிக் சேர்த்துப் போட்டிருந்த வீடியோவைப் போனில் சத்தமாக வைத்திருந்தார். சொத்தில் பங்கு கேட்டு நின்ற பெண்ணை ஜட்ஜ் அதட்டும்போதெல்லாம் தொடையில் தட்டிச் சிரித்து, திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது எங்க அக்காங்க," என்றேன்.

என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப தீர்ப்பு உங்களுக்குத் தெரியுமே! சொல்லிப்புடாதீங்க. அடுத்த பாகம் வந்ததும் வூட்ல எல்லாரும் சேர்ந்து பாக்கலாம்னு இருக்கறோம்."

பொம்மிடி வரும்வரை அவர் போனைத் தொடவில்லை. எங்கே உளறிவிடுவேனோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார்.