கண்ணாடி அலுமாரிக்குள் போன காப்புறுதி அட்டை

ஓலைத்தொடுவாயில் முதன்முதலாக ஐஸ் ஆலை போட்டவன் நான். மணல் இளகும், மாடி நிற்காது என்று மேசன்மாரே கைவிரித்த காணியில் மாடிவீடு எழுப்பி, இன்றுவரை ஒரு கீறல் இல்லாமல் குடியிருக்கிறேன். சண்டைக்காலத்தில் மூன்று தரம் எல்லாவற்றையும் விட்டு ஓடி, மூன்று தரமும் திரும்பி வந்து கரையில் மீன்வாடி போட்டேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி வருடம் பாதி நாள் கரைவலையில் போயிற்று. கோயில் மதில் நான் கட்டியது. கோயிலுக்குள் புனிதரின் சுரூபம் நிற்கும் கண்ணாடி அலுமாரியும் நான் செய்வித்துக் கொடுத்தது. சொல்ல வந்தது அந்த அலுமாரியைப் பற்றித்தான்.

அதன் முதுகுப்பக்கம் முழுவதும் முகம் பார்க்கும் கண்ணாடி பதிக்கச் சொன்னேன். ஒரு மெழுகுதிரி ஏற்றினால் இரண்டாகத் தெரியும் என்பது என் யோசனை. கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பருக்கு அது பிடிக்கவில்லை.

“தம்பி, புனிதர் என்ன தலைமயிர் வெட்டவே வந்து நிக்கிறார்? சலூன் மாதிரிக் கிடக்கு.”

“உள்ளுக்குப் பாக்கேக்கை உங்கடை முகம் தெரியுது. அதுதானே உங்களுக்குக் கோவம்.”

அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுக் குறைவு, நக்கல் அதிகம்.

என் மருமகனுக்குக் கட்டாரில் வெல்டிங் வேலை. இரண்டு வருட விசா. விசாவோடு கம்பனி ஒரு மருத்துவக் காப்புறுதி அட்டையும் கொடுத்திருந்தது. வருத்தம் என்று போனால் ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் போதும். அந்த இரண்டு வருடமும் அவர் அதை ஒரு நாளும் வெளியே எடுக்கவில்லை. தும்மல்கூட வரவில்லையாம். லீவில் வந்து நின்றபோது, நேர்த்தி செலுத்த வேண்டும் என்றாள் மகள்.

எங்கள் பக்கத்தில் கால் நோ மாறினால் வெள்ளியில் ஒரு கால், கண் சுகப்பட்டால் வெள்ளியில் ஒரு கண் செய்து புனிதருக்கு முன்னால் தொங்கவிடுவோம். வருத்தமே வராத ஆளுக்கு எந்த உறுப்பைச் செய்வது? நகைக்கடைக்காரரே யோசித்துக்கொண்டு நின்றார். நான்தான் வழி சொன்னேன்.

“இந்த அட்டையைக் குடு பிள்ளை. இரண்டு வருசம் வேலையில்லாமல் இருந்த அட்டை. இதைவிட வேறை சாட்சி வேணுமே? விசாவைப் புதுப்பிக்கேக்கை புது அட்டை தருவாங்கள்தானே.”

மருமகனும் தலையாட்டினார். மகள் அட்டையை நூலில் கோத்து, அலுமாரியின் முன்கண்ணாடிக்கு உட்பக்கமாகத் தொங்கவிட்டாள். அவருடைய படமும் பெயரும் இலக்கமும் உள்ள பக்கம் புனிதரைப் பார்த்தபடி இருந்தது. ஆளை அவர் மறந்துபோகக் கூடாதாம்.

மருமகன் திரும்பிப் போய் மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை, மகள் ஃபோனைக் கையில் பிடித்தபடி ஐஸ் ஆலைக்கு ஓடிவந்தாள். மருமகனுக்குச் சிறுநீரகக் கல் இறங்கி வழியில் இறுகிவிட்டது. காய்ச்சலும் பிடித்துவிட்டது. உடனே எடுக்க வேண்டும், ஆனால் காப்புறுதி அனுமதி இல்லாமல் எடுக்கமாட்டார்களாம்.

“மாமா, அட்டை நம்பர் கேக்கிறாங்கள்.” ஃபோனில் மருமகனின் குரல் பல்லுக்குள்ளால் வந்தது.

“புது அட்டை எங்கை?”

“விசா நீட்டினாலும் பழைய அட்டைதானாம். இப்பதான் சொல்லுறாங்கள்.”

“கம்பனியைக் கேளும்.”

“வெள்ளி, சனி கந்தோர் பூட்டு. பாஸ்போட்டும் ஐடியும் விசாவுக்கெண்டு அங்கைதான் கிடக்கு. அட்டையைக் குடுக்கச் சொன்னது நீங்கள் மாமா.”

அந்த நோவிலும் மனிசன் அதை மறக்கவில்லை.

கோயிலுக்குப் போனால் அலுமாரி பூட்டிக் கிடந்தது, திறப்பு பங்குச் சுவாமியிடம். சுவாமி கூட்டமென்று மன்னார் டவுனுக்குப் போய்விட்டார், ஃபோனும் நிறுத்தி வைத்திருந்தார். மூப்பர் அலுமாரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

“உடைக்கிறதெண்டால் என்னை உடைச்சுப்போட்டு உடை. ஒன்பது நாளிலை கோயில் பெருநாள்.”

“சுத்தியலாலை அடிச்சாலும் உடையாது. கண்ணாடித் தடிப்புச் சொன்னவன் நான்,” என்றேன். அந்த நேரத்தில் அந்தப் பெருமையால் ஒரு பிரயோசனமும் இல்லை. வெளியிலிருந்து அட்டையின் பின்பக்கம்தான் தெரிந்தது, பொடிப்பொடி எழுத்தாக. மகள் படியில் குந்தியிருந்து அழுதாள். “ஞாயிறு வரைக்கும் அந்தாள் தாங்குமே அப்பா?” என்று கேட்டாள்.

புனிதரோடு கோபித்துக்கொள்ளத்தான் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி உள்ளே பார்த்தேன். பின்கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், புனிதரின் தோளுக்கு மேலால், மருமகனின் முகம். படத்துக்குக் கீழே இலக்கம், இடம் வலமாக மாறி.

“மூப்பர், டோர்ச்சைக் கொண்டாங்கோ.”

என்ன ஏதென்று கேட்காமல் கொண்டுவந்தார். அவர் வெளிச்சம் பிடிக்க, நான் வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். மற்றக் கையால் அவரே கலண்டர்த் தாளில் எழுதினார். மகள் ஃபோனால் படமெடுத்து, அதைத் திருப்பி, தாளோடு ஒத்துப் பார்த்தாள்.

“அப்பா, நடுவிலை அது இரண்டில்லை, ஐஞ்சு.”

“ஐஞ்சாம் வகுப்புக்காரருக்கு ஐஞ்சைத் தெரியேல்லை,” என்றார் மூப்பர். வெளிச்சத்தை மட்டும் அவர் அசைக்கவில்லை.

படம் கட்டாருக்குப் போனது. மத்தியானத்துக்குள் அனுமதி வந்தது. பின்னேரம் மருமகனே ஃபோன் எடுத்தார்: “மாமா, கல்லு வெளியிலை.” மகள் முழந்தாளில் விழுந்தாள். மூப்பர் மூக்கைச் சிந்தினார், தடிமன் பிடித்ததாம்.

பெருநாளன்று நன்றியறிதல் வாசித்தவரும் மூப்பர்தான். புனிதருக்கு நன்றி சொன்னார். காப்புறுதிக் கம்பனிக்கும் சொன்னார், மகள் எழுதிக் கொடுத்தபடி. டோர்ச் பிடித்த கைக்குக்கூட ஒரு வரி இருந்தது. கண்ணாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு கேட்டேன்.

“அட்டையைத் தொங்கவிடச் சொன்னதும் நீர்தானே? அதையும் சேத்து வாசிக்கவே?” என்றார்.

சேர்த்தே வாசியுங்கள், எனக்கு வெட்கமில்லை. பிழை விட்டவனும் நான், அந்தப் பிழைக்கு முதலே மருந்து செய்து வைத்தவனும் நான். அட்டை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அலுமாரியின் கீழ்ச்சட்டத்தில் ஒரு சாண் இடம் சும்மா கிடக்கிறது. பின்கண்ணாடி யார் போட்டது என்று அதில் எழுத வேண்டும். அடுத்த பெருநாளில் அதை மூப்பரே வாசிக்க வேண்டும்: புனிதருக்குப் பிறகு, காப்புறுதிக் கம்பனிக்கு முன்னால்.