சம்மன் நாளில் காதுகுத்து

எனக்குக் காது குத்த நாள் குறித்தது ஜோசியர் இல்லை, சங்கராபுரம் கோர்ட்டு. சம்மனில் இருந்த தேதியையே அப்பா காதுகுத்துப் பத்திரிகையிலும் அடித்துவிட்டார்.

விஷயம் இதுதான். என் தாய்மாமன் ஓட்டிய டிராக்டர் மோதி, கல்வராயன் மலையிலிருந்து எங்கள் கரும்பை வெட்ட வந்த ஒருவருக்குக் கால் போய்விட்டது. மாமா அன்று குடித்திருந்தார். கண்ணால் பார்த்தவர் அப்பா ஒருவர்தான். கூண்டில் ஏறினால் அவருக்குப் பொய் வராது. உண்மையைச் சொன்னால் மச்சான் உள்ளே போவார். அதனால் ஏறாமலே இருந்துவிடுவது என்று முடிவு செய்தார். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்தும் நாளில் கோர்ட்டுக்கு வரவில்லையென்றால் எந்த ஜட்ஜும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று மனதார நம்பினார். மாமாவுக்காவது அவருடைய வக்கீல் அன்று வர முடியாது என்று முறையாக மனு போட்டார். அப்பாவுக்கு மனுவும் பத்திரிகைதான், வக்கீலும் பத்திரிகைதான்.

மாமா மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அலறி, அவர் வாங்கிவந்த தோட்டைப் போட்டுக்கொண்டேன். கறிச்சோறு அமர்க்களப்பட்டது.

காதுப் புண் ஆறுவதற்குள் போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்துவிட்டார். அப்பா பயபக்தியோடு பத்திரிகையை நீட்டினார்.

"பொண்ணுக்குக் காதுகுத்துங்க. பாருங்க, அதே தேதி."

போலீஸ்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சம்மன வாங்கிக்கினு சாட்சி வராம இருந்தா அபராதம் போடுவாங்க, ஜெயிலுக்கும் அனுப்புவாங்க. இப்ப பிடிவாரண்ட்டே போட்டுட்டாங்க. கெளம்புங்க."

எனக்கு ஜெயில் என்ற சொல் மட்டும்தான் கேட்டது. எல்லாம் என் காதால் வந்த வினை. ஒரு தோட்டை எப்படியோ கழற்றி அவரிடம் நீட்டினேன்.

"இத எடுத்துக்கினு எங்கப்பாவ உட்டுடுங்க."

காதில் ரத்தம் கசிந்தது. அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு, தோட்டை வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவிடம் சொன்னாள்.

"போயி பாத்தத அப்பிடியே சொல்லிடுங்க. அந்தாளுக்கும் புள்ளைங்க இருக்குது. எந்தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

அப்பா சொல்லிவிட்டார். அவரை அபராதத்தோடு விட்டார்கள். மாமா ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்த பிறகும் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அம்மாவுக்கு வரும் பொங்கல் வரிசையும் நின்றுபோனது. அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று அப்பா பைக்கில் ஏறிப் போனதும், அம்மா என்னை மடியில் இழுத்துப்போட்டு, மாமா வாங்கிய தோட்டை மறுபடி மாட்டினாள். திருகாணி அவள் விரல்களிலிருந்து நழுவி நழுவிக் கீழே விழுந்தது. எனக்கு வலிக்கப்போகிறதே என்றுதான் அவள் பயப்படுகிறாள் என நினைத்தேன். பாவமாக இருந்தது.

"வலிக்கலம்மா" என்றேன்.